மழை விடுமுறையில் ஆதன்

மிகுபுனைவு நாவலைக் குழந்தைக்கு வாய்விட்டு வாசித்துக்காட்ட, வெளியே போக முடியாத நாள்கள் ஏற்றவை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது, தாமிரபரணி கரைபுரண்டது. நெல்லைச் சீமையில் பள்ளிகள் மூடப்பட்டு, பிள்ளைகள் வீட்டுக்குள் அடைந்து கிடந்தனர்.

அதே ஆண்டு பால சாகித்திய புரஸ்கார் பெற்றது, கோவில்பட்டி எழுத்தாளர் உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’. இக்காலச் சிறுவனைப் பழங்காலக் கீழடியோடு இணைக்கும் அந்த மிகுபுனைவு நாவல், இப்படி வீட்டில் அடைந்திருக்கும் நாள்களுக்குப் பொருந்தும். தாமிரபரணிக்கரைப் பெற்றோருக்கு இதில் கூடுதல் வாய்ப்பு உண்டு: கீழடியைப் போலவே அகழாய்வு நடந்த ஆதிச்சநல்லூரின் முதுமக்கள் தாழிகளும், சுமார் 3,200 ஆண்டு பழைய நெல் கிடைத்த சிவகளையும் பக்கத்திலேயே இருக்கின்றன. “அந்தப் பானைக்குள்ள என்ன இருந்துச்சு?” என்று பிள்ளை குறுக்கிட்டால், புத்தகத்தை மூடிவைத்துவிட்டுப் பேசலாம். வாசிப்பின் அருமையான பகுதியே அந்தப் பேச்சுதான். நாளுக்கு ஓர் அத்தியாயம் போதும். கரண்ட் இல்லாத இரவில் பிள்ளையே கதையைத் திருப்பிச் சொல்லட்டும். சொல்லும்போது கதை மாறினாலும் திருத்த வேண்டியதில்லை.