தடுப்பூசி போட்டே ஆகணுமா? சட்டம் என்ன சொல்லுது?

“தடுப்பூசி போட்டாத்தான் உள்ளே விடுவோம்” என்று கொரோனா காலத்தில் பல வாசல்களில் கேட்டிருப்பீங்க. அப்படிச் சொல்ல முடியுமா? ‘எனக்கு வேண்டாம்’ என்று மறுக்க உங்களுக்கு உரிமை இருக்கா? இந்தக் கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது.

குழந்தைகள் நல மருத்துவர் ஜேக்கப் புலியேல் தொடுத்த வழக்கில், 2022 மே 2-ம் தேதி தீர்ப்பு வந்தது. பொது இடங்களுக்கு வர தடுப்பூசி அவசியம் என்று 2021 நவம்பரில் நம்ம மாநிலத்தில் வந்த உத்தரவும் இந்த வழக்கில் பேசப்பட்டது.

உங்க உடல், உங்க முடிவு

அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு உயிருக்கும் தனிமனித சுதந்திரத்துக்கும் பாதுகாப்பு தருகிறது. நம் உடல் மீது நமக்குள்ள உரிமையும் அதில் அடக்கம். அதனால், யாரையும் வற்புறுத்தி ஊசி போட முடியாது என்றது நீதிமன்றம்.

அப்போ கட்டுப்பாடே கூடாதா?

அப்படி இல்லை. நீங்க ஊசியை மறுப்பது அடுத்தவருக்கு நோய் பரவக் காரணமாகும் என்றால், பொது சுகாதாரத்துக்காக அரசு கட்டுப்பாடு விதிக்கலாம். ஆனால் அது மூன்று கேள்விகளில் தேற வேண்டும்:

• அதற்குச் சட்டத்தின் ஆதரவு இருக்கிறதா?
• நியாயமான தேவை இருக்கிறதா?
• தேவைக்கு மிஞ்சாத அளவில் இருக்கிறதா?

அப்போது தொற்று குறைந்திருந்தது. ஊசி போடாதவர்களால்தான் அதிகம் பரவுகிறது என்று காட்டும் தரவும் நீதிமன்றத்தின் முன் வைக்கப்படவில்லை. எனவே மூன்றாவது கேள்வியில் அந்தக் கட்டுப்பாடுகள் தேறவில்லை. அவற்றை மறுபரிசீலனை செய்யச் சொன்னது நீதிமன்றம். நிலைமை மாறினால் பதிலும் மாறலாம்.

அதேநேரம், அரசின் தடுப்பூசிக் கொள்கையில் தவறு இருப்பதாக நீதிமன்றம் சொல்லவில்லை. பக்கவிளைவுகளைப் பொதுமக்களும் தனியார் மருத்துவர்களும் இணையத்தில் பதிவு செய்ய வழி வேண்டும், பதிவு செய்தவரின் அந்தரங்கமும் காக்கப்பட வேண்டும் என்றது.

நீங்க செய்ய வேண்டியது

இந்தத் தீர்ப்பு கொரோனா தடுப்பூசி பற்றியது. இதைக் காட்டி, குழந்தைக்குப் போட வேண்டிய போலியோ, தட்டம்மை ஊசிகளைத் தள்ளிப் போடாதீங்க. ஆரம்ப சுகாதார நிலையங்களில் அவை இலவசம். 2014-ல் இந்தியா போலியோ இல்லாத நாடானது அப்படித்தான்.

சந்தேகம் இருந்தால் வாட்ஸ்அப் ஃபார்வர்டை நம்பாமல் 104-க்கு போன் பண்ணுங்க. ஊசிக்குப் பிறகு உடம்புக்கு முடியலைன்னா, போட்ட இடத்தில் உடனே சொல்லுங்க. கேள்வி கேட்பதும் உங்க உரிமைதான்!