உலோகங்களின் உலகம் – 17: கடல்நீருக்கு எந்தக் கலவை?

1915-இல் அமெரிக்கக் கோடீஸ்வரர் அலெக்சாண்டர் ஸ்மித் காக்ரன் ‘சீ கால்’ என்ற உல்லாசக் கப்பலைக் கட்டினார். செலவைப் பற்றி அவருக்குக் கவலை இல்லை. கடல்நீரில் அரிக்காத உலோகம் என்று அன்றைக்குப் பெயர் வாங்கியிருந்த மோனலில்தான் வெளித்தகடுகள் எல்லாம். ஆனால் தகடுகளைத் தாங்கிய சட்டங்கள் எஃகு. கப்பல் தண்ணீரில் இறங்கியதும் மோனலுக்கு ஒன்றும் ஆகவில்லை. எஃகுதான் கரைந்துகொண்டே போயிற்று. சில மாதங்களுக்குள் கப்பலை உடைத்துப் போட வேண்டியதாகிவிட்டது.

கடல்நீர் மின்சாரத்தைக் கடத்தும். இரண்டு வேறு உலோகங்கள் ஒன்றையொன்று தொட்டபடி அதில் கிடந்தால் மின்கலம் உருவாகிவிடும். அதில் ஒன்று பிழைக்கும், மற்றது அரிக்கும். எது எவ்வளவு பெரிது என்பதும் முக்கியம். பெரிய மோனல் தகட்டில் சின்ன எஃகு ஆணி அடித்தால், அரிப்பு முழுவதும் அந்த ஆணியின் தலையில்தான் விடியும். பெரிய எஃகுத் தகட்டில் சின்ன மோனல் போல்ட் போட்டால் பெரிய பாதகம் இல்லை. இழப்பு தகட்டின் பரப்பெங்கும் பரவிப்போகும். ஆகவே இணைப்புப் பாகங்கள் எப்போதும் தாங்கிப் பிடிக்கும் தகட்டைவிட உயர்ந்த உலோகமாக இருக்க வேண்டும்.

இனி மோனலைப் பார்ப்போம். கனடாவின் சட்பரி சுரங்கக் கனிமத்தில் நிக்கலும் செம்பும் ஏறத்தாழ இரண்டுக்கு ஒன்று என்ற அளவில் கலந்தே கிடைத்தன. இரண்டையும் பிரிக்காமல் அப்படியே உருக்கினால் என்ன என்று ராபர்ட் குரூக்ஸ் ஸ்டான்லி யோசித்ததில் பிறந்தது இந்தக் கலவை. இன்று மோனல் 400 என்று விற்பதில் நிக்கல் குறைந்தது 63 சதவீதம், செம்பு 28 முதல் 34 சதவீதம். வேகமாகப் பாயும் கடல்நீர் இதை ஒன்றும் செய்யாது. பம்ப்பின் தண்டு, வால்வின் உள்பாகங்கள் ஆகியவற்றுக்கு இதைத் தேடுவது அதனால்தான். அலையும் காற்றும் மாறிமாறி அறையும் எண்ணெய்க் கிணற்று மேடைகளின் கால்களுக்கும் மோனல் உறை போடுவதுண்டு.

அதே மோனலைத் தேங்கிய நீரில் விட்டால் கதை வேறு. கொட்டலசு ஒட்டிய இடத்திலும் வண்டல் படிந்த இடத்திலும் ஆக்ஸிஜன் போய்ச் சேராது. அங்கே குழி விழ ஆரம்பிக்கும். அலுமினியமும் டைட்டானியமும் சேர்த்து வலுவேற்றிய கே-500 வகைக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. எஃகைக் காப்பாற்றக் கட்டும் துத்தநாக, அலுமினியக் கட்டிகளோடு அது மின்தொடர்பில் இருந்தால், அதன் மேல் ஹைட்ரஜன் உண்டாகி உள்ளே புகும். இழுவிசையில் நிற்கும் போல்ட், கொஞ்சமும் வளையாமல் ‘டப்’பென்று முறியும்.

நிக்கலைக் குறைத்துச் செம்பைக் கூட்டினால் வருவது குப்ரோ நிக்கல். 1992-இல் வெளிவந்த நம்முடைய கனமான ஐந்து ரூபாய் நாணயம் இந்த இனம்தான்: 75 பங்கு செம்பு, 25 பங்கு நிக்கல். கப்பல் குழாய்களுக்கு அவ்வளவு நிக்கல் தேவையில்லை. 90 செம்பு, 10 நிக்கல், அதில் ஒன்றரை சதவீதம் போல இரும்பு. இந்தத் துளி இரும்பு இல்லாவிட்டால் ஓடும் நீரை இந்தக் குழாய் தாங்காது. உள்சுவரில் பழுப்பும் பச்சையுமாகப் படியும் மெல்லிய படலத்தை உறுதியாக்குவது அதுதான்.

அந்தப் படலத்துக்கும் ஒரு வரம்பு உண்டு. பெரிய குழாயில் நீரின் வேகம் நொடிக்கு சுமார் மூன்றரை மீட்டரைத் தாண்டக் கூடாது. குழாய் சிறுத்தால் வரம்பும் குறையும். மீறினால் முதலில் அடிபடுவது வளைவுகள். அடிபட்ட வளைவை அறுத்துப் பார்த்தால், குதிரை லாடம் பதித்தது போன்ற குழிகள் வரிசையாகத் தெரியும். அந்த இடங்களில் படலம் பெயர்ந்து செம்பின் நிறம் பளிச்சென்று இருக்கும். வேகம் கூடிய இடத்துக்கு 70-க்கு 30 கலவை கொஞ்சம் கூடுதலாகத் தாங்கும், விலையும் கூடும். என்னைக் கேட்டால், விலையேறிய கலவைக்குப் போவதற்கு முன் குழாயின் விட்டத்தை ஒரு படி கூட்ட முடியுமா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும்.

பாசியும் கொட்டலசும் எளிதில் ஒட்டாது என்பது குப்ரோ நிக்கலின் இன்னொரு சிறப்பு. 1971-இல் 90-க்கு 10 தகட்டிலேயே உடல் கட்டிய ‘காப்பர் மரைனர்’ என்ற இறால் படகு நிகராகுவா கடலில் பல ஆண்டுகள் ஓடியது. எஃகுப் படகுகளைப் போல அடிப்பாகத்தைச் சுரண்டும் வேலை அதற்கு இல்லை. ஆனால் குப்ரோ நிக்கலை எஃகோடு மின்தொடர்பில் வைத்துவிட்டால் இந்தக் குணம் மங்கிப்போகும்.

கடைசியாக ஒன்று. கப்பல் பட்டறைகளிலும் மின்நிலையங்களிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் இதை மனதில் வைக்க வேண்டுகிறேன். புதுக் குழாயில் படலம் நன்றாக முதிர இரண்டு மூன்று மாதம் ஆகும். அதற்குள் சாக்கடை கலந்த துறைமுகத் தண்ணீரை உள்ளே விட்டால், அதிலுள்ள சல்ஃபைடு படலத்தைச் சரியாகப் படியவிடாது. பின்னால் சுத்தமான கடலுக்குப் போன பிறகும் அரிப்பு தொடரும். முதல் தண்ணீர் சுத்தமான தண்ணீராக இருக்கட்டும். சோதனை முடிந்து குழாய் சும்மா கிடக்கப்போகிறது என்றால், நீரை வடித்து, நன்னீரால் கழுவி, உலர்த்திவிட்டு மூடுங்கள்.

(தொடரும்)