பச்சைப் பிள்ளைக்கு அப்பாவை எப்படித் தெரியும்?

நெல்லைச் சீமையில் இருந்து வரும் ரெயில் கல்யாணிலும் தாதரிலும் நிற்கும்போது பிளாட்பாரத்தில் ஒரு காட்சியை அடிக்கடி பார்க்கலாம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீடு போன மனைவி கைக்குழந்தையுடன் இறங்குகிறாள். பட்டறையில் அரை நாள் லீவு சொல்லிவிட்டு வந்த கணவன், பெட்டியைக்கூட வாங்காமல் குழந்தைக்குக் கையை நீட்டுகிறான். குழந்தை அவன் முகத்தை உற்றுப் பார்க்கிறது. உதடு பிதுங்குகிறது. அடுத்த நொடி, வீல் என்று அலறல்!

"அப்பாடா ராசா! அழக்கூடாது" என்று கூட வந்த மாமியார் சமாதானம் சொல்வார். கணவனும் சிரித்து மழுப்புவான். ஆனால் தாராவிக்கோ டோம்பிவிலிக்கோ போய்ச் சேரும்வரை அவன் முகம் வாடித்தான் இருக்கும். சம்பளத்தில் பாதியை மாதம் தவறாமல் ஊருக்கு அனுப்பியவன் அவன். பெற்ற பிள்ளைக்கு அவன் அன்னியன்!

மூன்றாம் மாதம் திரும்ப வேண்டியவள்தான். அம்மன் கொடை முடியட்டும், வாடகை வீடு அமையட்டும் என்று தள்ளித் தள்ளி ஏழு, எட்டு மாதம் ஆகிவிடுகிறது. அந்த வயதில்தான் குழந்தைக்கு வேற்று முகம் கண்டால் அச்சம் வரும். தெரிந்த முகம் எது, தெரியாத முகம் எது என்று பிரித்துப் பார்க்கும் அளவுக்கு மூளை வளர்ந்துவிட்டது என்பதே அந்த அழுகைக்கு அர்த்தம். டாக்டர்கள் இதை நல்ல அறிகுறி என்கிறார்கள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நிற்கும் தகப்பனுக்கு அது அந்த நேரத்தில் ஆறுதலாக இருக்காது என்பது வேறு விஷயம்.

காதுதான் முதல் வாசல்

பிறந்த குழந்தைக்கு ஒன்றும் தெரியாது, அது வெறும் சதைப் பிண்டம் என்று ஒரு காலத்தில் படித்தவர்களே எண்ணினார்கள். அந்த எண்ணம் தவறு என்று கடந்த ஐம்பது ஆண்டு ஆராய்ச்சிகள் காட்டிவிட்டன.

வயிற்றில் இருக்கும்போதே, ஆறாம் மாதக் கடைசியில் குழந்தையின் காது வேலை செய்யத் தொடங்குகிறது. ஏழாம் மாதத்தில் வெளிச் சத்தத்துக்குத் துள்ளுகிறது. வளைகாப்பு வளையலின் ஓசை வயிற்றுப் பிள்ளைக்குக் கேட்கும் என்று பாட்டிமார் சொல்வதில் பெரிய தவறு இல்லை. ஆனால் அது அதிகமாகவும் தெளிவாகவும் கேட்பது தாயின் குரலைத்தான். அவள் குரல் காற்று வழியாக மட்டும் அல்ல, அவள் எலும்பு, சதை வழியாகவும் உள்ளே போகிறது.

1980-ல் அமெரிக்காவில் டிகாஸ்பர், பைபர் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் ஒரு வேடிக்கையான சோதனை செய்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகளின் வாயில் பால் வராத ரப்பர் காம்பைக் கொடுத்தார்கள். காதில் ஒலிக்கருவி. ஒரு விதமாகச் சப்பினால் பெற்ற தாயின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் இன்னொரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் என்ன செய்தன தெரியுமா? தாயின் குரல் வரும்படியாகச் சப்புவதைக் கற்றுக்கொண்டன!

அப்பா குரலுக்கும் இப்படி ஒரு சோதனை 1984-ல் நடந்தது. முடிவு தகப்பன்மாருக்குச் சாதகமாக இல்லை. ஓர் ஆண் குரலுக்கும் இன்னோர் ஆண் குரலுக்கும் உள்ள வித்தியாசம் குழந்தைக்குத் தெரிகிறது. ஆனால் அப்பாவின் குரல்தான் வேண்டும் என்று அது கேட்கவில்லை.

நம் வழக்கத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். குழந்தையின் காது திறக்கிற ஏழாம் மாதத்தில்தான் வளைகாப்பு முடிந்து மனைவி ரெயில் ஏறுகிறாள். கணவனின் குரல் அந்தக் காதில் விழ வழியே இல்லாமல் போகிறது.

இதற்குப் பரிகாரம் உண்டு. அது பெரிய செலவும் அல்ல. பிறந்த நாளில் இருந்தே, தினமும் ஒரே நேரத்தில், குழந்தை பசியாறி விழித்திருக்கும்போது போனில் பேச வேண்டும். மனைவியிடம் பணக் கணக்கு கேட்டுவிட்டு வைப்பது போதாது. போனைக் காதில் ஒட்டாமல், சற்றுத் தள்ளிப் பிடித்து, சத்தத்தைக் குறைத்து வைத்துக் குழந்தையிடமே பேச வேண்டும். என்ன பேசுவது என்று கூச்சப்பட வேண்டாம். சின்னக் குழந்தைகளுக்கு இழுத்து, ஏற்றி இறக்கிக் கொஞ்சுகிற பேச்சுதான் பிடிக்கும். மீசை வைத்த ஆள் பட்டறையில் பத்துப் பேர் நடுவே "என் செல்லக்குட்டி" என்று குழைவது சிரிப்பாகத்தான் இருக்கும். சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

முகம் பார்த்துப் பேசும் வீடியோ வசதியும் இன்று எல்லார் கையிலும் இருக்கிறது. ஒன்றரை வயதுவரை குழந்தைக்கு டி.வி., செல்போன் திரை எதுவும் வேண்டாம் என்று 2016-ல் சொன்ன அமெரிக்கக் குழந்தை டாக்டர்கள் சங்கம், இப்படி உறவினரோடு பேசுவதற்கு மட்டும் விலக்கு அளித்தது.

ஒரு சாண் தூரப் பார்வை

கண் அப்படி அல்ல. ஐம்புலன்களில் மெதுவாகப் பக்குவப்படுவது அதுதான். பிறந்த குழந்தைக்கு 20 முதல் 30 சென்டிமீட்டர் தூரத்தில் உள்ளதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். நம் கணக்கில் ஒரு சாணுக்குச் சற்றுக் கூட. பால் குடிக்கும் குழந்தையின் கண்ணுக்கும் தாயின் முகத்துக்கும் இருக்கும் தூரம் அதுவே! அதற்கு அப்பால் எல்லாம் பனிமூட்டம். மனித முகம் போன்ற வடிவத்தின் மேல் அதற்குத் தனி நாட்டம். ஆகவே, தூளியில் தொங்கவிட விலை உயர்ந்த பொம்மை தேடி அலைய வேண்டியது இல்லை. குனிந்து முகத்தைக் காட்டினால் போதும்.

நிறங்கள் நாலைந்து மாதத்தில்தான் நன்றாகப் பிடிபடும். முதல் மூன்று மாதம் கண் சில சமயம் ஒன்றரையாகப் போவதும் சகஜம். நாலு மாதத்துக்குப் பிறகும் அப்படி இருந்தாலோ, கருவிழியின் நடுவே வெள்ளையாகத் தெரிந்தாலோ உடனே கண் டாக்டரிடம் காட்ட வேண்டும். கண்ணுக்குள் மை தீட்டுவதை விட்டுவிடுவது நல்லது; பல மைகளில் ஈயம் கலந்திருக்கிறது. திருஷ்டிப் பொட்டு உள்ளங்காலில் வைத்தாலும் திருஷ்டி கழியும்.

மூக்கும் நாக்கும் தோலும் வயிற்றுக்குள்ளேயே பாடம் படித்துவிட்டு வருகின்றன. தாய் உண்ணும் உணவின் வாசம் பனிக்குட நீரிலும் பிறகு பாலிலும் இறங்குகிறது. கர்ப்பத்தில் கேரட் சாறு குடித்துவந்த தாய்மாரின் குழந்தைகள், பின்னாளில் கேரட் கலந்த கூழை முகம் சுளிக்காமல் உண்டதாக 2001-ல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. ஊர்ப் பூண்டுக் குழம்பை மும்பையிலும் தேடும் நாக்கு எங்கே பழகியது என்பது புரிகிறது அல்லவா? பிறந்த சில நாளிலேயே தாயின் மார்பு வாசனையைக் குழந்தை கண்டுகொள்ளும். முதல் ஒரு மணி நேரத்துக்குள் சீம்பால் கொடுக்க வேண்டும். சேனை என்று சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தடவக்கூடாது. ஒரு வயதுக்கு முன் தேன் ஆபத்தாகவும் முடியலாம்.

தொடு உணர்ச்சியில் தகப்பனுக்கும் சம பங்கு உண்டு. எடை குறைந்து பிறந்த குழந்தையைச் சட்டை இல்லாத மார்போடு அணைத்து வைக்கும் கங்காரு முறை 1978-ல் கொலம்பியா நாட்டின் பொகோட்டா நகரில் தொடங்கியது. இங்கே டில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரி உள்பட ஐந்து நாட்டு ஆஸ்பத்திரிகளில் நடந்த ஆய்வு 2021-ல் வெளியானது. பிறந்த உடனே இப்படி அணைக்கத் தொடங்கியதில் மரணம் நாலில் ஒரு பங்கு குறைந்தது. தாய் ஓய்வெடுக்கும் நேரத்தில் தகப்பன் அணைக்கலாம். பத்துக்குப் பத்து அறையில் குடியிருப்பவனாலும் முடிகிற காரியம் இது.

பட்டும் பத்தும்

மும்பையில் பிள்ளை வளர்ப்பவர்களுக்கு இன்னொரு கவலை. வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் மராத்தி, தெருவில் இந்தி. குழந்தை குழம்பிவிடாதா?

குழம்பாது. உலக மொழிகளின் ஒலிகளைப் பிரித்தறியும் காது எல்லாக் குழந்தைக்கும் உண்டு. கனடாவில் வெர்க்கர், டீஸ் என்பவர்கள் 1984-ல் வெளியிட்ட சோதனை புகழ் பெற்றது. இந்தியில் உள்ள 'ட', 'த' வித்தியாசத்தை ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகள் ஆறு முதல் எட்டு மாதத்தில் பிரித்தறிந்தன. பத்துப் பன்னிரண்டு மாதம் ஆனபோது பெரும்பாலானவற்றுக்கு அது முடியவில்லை. காதில் விழாத ஒலியை மூளை கழித்துவிட்டது. பட்டும் பத்தும் நமக்கு வேறு வேறு, அவர்களுக்கு ஒன்றே.

நம் கதையும் அதுதான். இந்தியில் சாப்பாட்டுக்கும் பாட்டுக்கும் நாம் எழுதுவது ஒரே 'கானா'. இருபது வருஷம் குமாஸ்தாவாக இருந்தவரும் அவசரத்தில் பாட்டைச் சாப்பிட்டுவிட்டு வருகிறார். இங்கே வளரும் குழந்தைக்கு அந்தத் தடுமாற்றம் இராது. இரண்டையும் அது பிரிக்கும், கூடவே நம் ழகரத்தையும் பிடிக்கும். ஆனால் ழகரம் அதன் காதில் விழ வேண்டும். வீட்டில் நாள் முழுதும் டி.வி. மட்டும் பேசினால் விழாது.

கேட்காத காது

இவ்வளவும் காது கேட்கும் குழந்தைக்கு. கேட்காவிட்டால்?

பிறவிச் செவிடு வெளியில் தெரியாது. அந்தக் குழந்தையும் முதல் சில மாதம் 'ங்கா' சொல்லும், சிரிக்கும். தட்டைத் தட்டினால் அதிர்வில் திரும்பும். வீட்டார் ஏமாந்துபோகிறார்கள். "அவன் அப்பாவும் லேட்டாகத்தான் பேசினான்" என்று பாட்டி சொல்வார். மூன்று வயதில் டாக்டரிடம் போகும்போது, மூளை பேச்சைக் கற்கும் அருமையான காலம் கழிந்திருக்கும். ஆறு மாதத்துக்குள் கண்டுபிடித்துச் சிகிச்சை தொடங்கிய குழந்தைகள் மற்றவர்களைவிட நன்றாகப் பேசக் கற்றன என்று 1998-லேயே ஆராய்ச்சி காட்டியது.

அக்காள் மகளையோ மாமன் மகளையோ கட்டியவர்கள் மிகவும் கவனிக்க வேண்டும். நெருங்கிய உறவில் மணந்தவர்களின் குழந்தைகளுக்கு இந்தக் குறை கூடுதலாகக் காணப்படுகிறது. குறைமாதப் பிரசவம், கடுமையான மஞ்சள் காமாலை இருந்தாலும் அப்படியே.

சோதனை சில நிமிட வேலை. தூங்கும் குழந்தையின் காதில் சிறு குமிழை வைத்து மெல்லிய ஒலி அனுப்புவார்கள். நல்ல காது அதற்கு எதிரொலி தரும். காதே ஒலி எழுப்பும் என்ற இந்த உண்மையை 1978-ல் லண்டனில் டேவிட் கெம்ப் கண்டுபிடித்தார். ஊசி இல்லை, வலி இல்லை. எதிரொலி வராவிட்டால் செவிடு என்று முடிவு கட்டிவிடக் கூடாது. காதில் பனிக்குட நீர் தங்கியிருந்தாலும் வராது. மறுபடி சோதிப்பார்கள். அதிலும் வராவிட்டால் 'பெரா' என்ற அடுத்த சோதனை.

ஒரு மாதத்துக்குள் முதல் சோதனை, மூன்று மாதத்துக்குள் முடிவு, ஆறு மாதத்துக்குள் சிகிச்சை என்பது டாக்டர்களின் கணக்கு. மும்பையில் பாந்திராவில் உள்ள மத்திய அரசின் அலி யாவர் ஜங் நிறுவனம் 1983 முதல் இந்தப் பணிக்கென்றே இருக்கிறது. காதுக்கருவி பலன் தராத சின்னக் குழந்தைகளுக்கு உள்காதுக் கருவி பொருத்த அரசுத் திட்டங்களும் உண்டு. ஆனால் அவற்றில் வயது வரம்பு இருக்கிறது. தாமதித்தால் அதுவும் போய்விடும்.

நம்மவர்க்கு வரும் சிக்கல், பிரசவம் ஓர் ஊரிலும் வளர்ப்பு இன்னோர் ஊரிலுமாக இருப்பது. அங்கே "மும்பை போய்ப் பார்த்துக்கொள்ளலாம்" என்பார்கள். இங்கே "ஊரிலேயே பார்த்திருப்பார்கள்" என்பார்கள். சோதனை நடுவழியில் தொலைந்துபோகும். ஆகவே பேறுகாலத்தில் போன் செய்யும் கணவன், "ஆணா பெண்ணா, எடை எவ்வளவு" என்று கேட்ட கையோடு, "காது பார்த்தாயிற்றா?" என்றும் கேட்க வேண்டும். பார்த்திருந்தால் அந்தச் சீட்டையும் தடுப்பூசி அட்டையையும் ஒரே கவரில் போட்டு, ரெயிலில் சீட்டுக்கு அடியில் தள்ளும் பெட்டியில் வைக்காமல், கைப்பையில் கொண்டுவரச் சொல்ல வேண்டும்.