நூல் சிட்டமும் பறக்கும் வாத்துகளும்

ராட்டையில் நூற்ற நூலைச் சுற்றிச் சிட்டமாகக் கட்டி வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். நூல் சிட்டத்தை ஆங்கிலத்தில் ‘ஸ்கெய்ன்’ என்பார்கள். வானில் பறந்து செல்லும் காட்டு வாத்துக் கூட்டத்துக்கும் இதே பெயர்தான்! அக்கூட்டம் தரையில் இறங்கிவிட்டால் இப்பெயர் போய் வேறு பெயர் வந்துவிடும்.

நூலுக்கும் வாத்துக்கும் என்ன உறவு? குளிர்காலத்தில் இமயத்துக்கு அப்பாலிருந்து திருநெல்வேலி மாவட்டத்துக் கூந்தன்குளத்துக்கு வரித்தலை வாத்துகள் வருகின்றன. அவை பறக்கும்போது அண்ணாந்து பாருங்கள். அவிழ்ந்த நூல் ஒன்று வானில் மிதப்பது போலத் தோன்றும். பெரும்பாலும் அது ‘வி’ வடிவில் இருக்கும்.

ஏன் இந்த வடிவம்? முன்னே செல்லும் பறவை காற்றைக் கிழித்து வழிவிடுகிறது, மற்றவை அதன் பின்னே ஒளிந்து வருகின்றன என்று நினைக்கிறீர்களா? அப்படியானால் அவை நேர் பின்னாலல்லவா பறக்க வேண்டும்? உண்மையில் அதுதான் மிக மோசமான இடம்!

ஒரு சிறு சோதனை செய்யுங்கள். அகன்ற பாத்திரத்து நீரில் கரண்டியைப் பாதி அமிழ்த்தி, சிறிது தூரம் இழுத்து வெளியே எடுங்கள். இருபுறமும் இரண்டு சுழல்கள் தோன்றும். இறக்கையின் நுனிகளிலும் சுழல்கள் உண்டாகின்றன. பறக்கும்போது இறக்கையின் அடியில் அழுத்தம் அதிகம், மேலே குறைவு. ஆகவே அடியிலுள்ள காற்று நுனியைச் சுற்றி மேலேறிச் சுழல்கிறது. இதனால் பறவைக்கு நேர் பின்னால் காற்று கீழிறங்குகிறது. இரு நுனிகளுக்கும் வெளியே மேலெழுகிறது. பின்னே வரும் பறவை சற்றுப் பக்கவாட்டில் விலகி நின்றால், மேலெழும் காற்று அதைத் தாங்கும். ஒவ்வொன்றும் இப்படி விலகினால் ‘வி’ வடிவம் தானே அமைகிறது.

இது வெறும் ஊகமல்ல. கூழைக்கடாக்களைப் பழக்கி, இதயத் துடிப்பை அளந்து, 2001-இல் முடிவை வெளியிட்டார்கள். தனியாகப் பறக்கையில் இருப்பதைவிட, அணியில் பறக்கையில் துடிப்பு 11 முதல் 14 விழுக்காடு வரை குறைந்திருந்தது. நெடும்பயணத்தில் இது சிறிய சேமிப்பா? உடலிலுள்ள கொழுப்பே பறவையின் எரிபொருள். அது வழியில் தீர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

ஆஸ்திரியாவிலிருந்து இத்தாலிக்கு ஒரு சிறு விமானத்தைப் பின்தொடர்ந்து பறக்க, வழுக்கைத்தலை அரிவாள் மூக்கன்கள் 14-ஐப் பழக்கினார்கள். அவற்றின் முதுகில் நுண்கருவிகளைப் பொருத்தினார்கள். 2014-இல் வெளியான முடிவு வியப்பூட்டியது. இயற்பியல் கணக்குச் சொன்ன அதே இடத்தில் அவை பறந்தன. அதுமட்டுமா? மேலெழும் காற்று தவறிவிடாதபடி, முன்பறவையின் இறக்கை வீச்சுக்கு இசைவாகத் தம் இறக்கையையும் அடித்தன!

எனில், முதலில் செல்லும் பறவையைத் தாங்குவது யார்? அதன் முன்னே எவரும் இல்லையே! அதற்கும் விடை கிடைத்தது. அதே இனப் பறவைகள் முறைவைத்து இடம் மாறிக்கொள்கின்றன என்று 2015-இல் கண்டறிந்தார்கள். முன்னே உழைத்த நேரத்துக்கு ஏறக்குறைய ஈடாகப் பின்னே சென்று பயன்பெறுகின்றன.

அடுத்த முறை வானில் அந்த நூல் மிதந்தால் எண்ணிப் பாருங்கள்: அதைப் பிணைத்திருக்கும் இழை காற்றுதான்.