உலர்த்திக்கு எந்தக் கண்ணாடி?

கொப்பரை, மிளகாய், நிலக்கடலை போன்ற விளைபொருள்களைக் களத்தில் பரப்பிக் காயவைப்பதில் உள்ள தொல்லைகள் விவசாயிகள் அறிந்தவையே. தூசியும் மணலும் ஒட்டுகின்றன. கோழி, காக்கைகளை விரட்ட ஓர் ஆள் வேண்டும். எதிர்பாராமல் மழை வந்துவிட்டால் அள்ளிச் சேர்ப்பதற்குள் பாதிச் சரக்கு நனைந்துவிடும். நனைந்த கொப்பரையிலும் கடலையிலும் பூசணம் பிடித்தால் விலை குறைவதோடு, 'அப்ளாடாக்சின்' என்னும் நச்சுப்பொருளும் உண்டாகக் கூடும். எனவே, கண்ணாடி மூடிய சூரிய உலர்த்தியை உள்ளூர்த் தச்சரையோ வெல்டிங் பட்டறைக்காரரையோ கொண்டு செய்துகொள்ள விவசாயிகள் பலர் விரும்புகின்றனர்.

அவ்வாறு செய்யும்போது தகடு, தட்டு, கறுப்பு வர்ணம் ஆகியவற்றிற்குக் காட்டும் அக்கறையைக் கண்ணாடிக்குக் காட்டுவதில்லை. கையில் கிடைத்த சன்னல் கண்ணாடியைச் சட்டத்தில் இறுகப் பொருத்தி, சுற்றிலும் சிமெண்டைப் பூசிவிடுகின்றனர். முதல் கோடை மழையிலேயே அது விரிசல் கண்டுவிடலாம். விரிசலோடு நின்றால் கண்ணாடியின் விலைதான் நட்டம். சில்லு பெயர்ந்து, கீழே உலர்ந்துகொண்டிருக்கும் மிளகாயில் விழுந்தாலோ, அந்த ஈடு முழுவதையும் குழி தோண்டிப் புதைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஊசி போன்ற சில்லுகளைச் சலித்தோ புடைத்தோ அடியோடு நீக்கிவிட்டதாக யாரும் உறுதி கூற முடியாது.

மணல், சோடா, சுண்ணாம்பு

சன்னல் கண்ணாடியில் நூற்றுக்கு 70 பங்குக்கு மேல் இருப்பது சிலிக்கா, அதாவது மணல். மணலை மட்டும் உருக்க வேண்டுமானால் சுமார் 1,700 டிகிரி சென்டிகிரேடு வெப்பம் தேவை. சோடாவைச் சேர்த்தால் இதைவிட மிகக் குறைந்த வெப்பத்திலேயே உருகிவிடும். ஆனால், மணலும் சோடாவும் மட்டும் சேர்ந்தால் கிடைப்பது நீரில் கரையும் பொருள். சோப்புத் தயாரிப்போர் 'சிலிகேட்' என்று வாங்குவது இதுவே. குளிர்பதனப் பெட்டி பரவாத காலத்தில் முட்டைகளைக் கெடாமல் வைக்க இதன் கரைசலில் போட்டு வைத்ததும் உண்டு. மழை நீரில் கரையாமல் நிலைத்து நிற்கவே மூன்றாவதாகச் சுண்ணாம்பு சேர்க்கப்படுகிறது.

இந்தக் குழம்பு ஆறும்போது கற்கண்டைப் போலப் படிகமாவதில்லை. தட்டில் ஊற்றிய கடலை மிட்டாய்ப் பாகைப் போல, அணுக்கள் வரிசை கட்டுவதற்குள்ளாகவே இறுகிவிடுகிறது. கண்ணாடி ஏன் உடைகிறது என்பதற்கு விடை இதில்தான் உள்ளது. இரும்புத் தகட்டை வளைத்தால் அணு அடுக்குகள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்கி இடங்கொடுக்கின்றன. கண்ணாடியில் அவ்வாறு வழுக்குவதற்கு அடுக்குகளே இல்லை. எங்கேனும் ஒரு கீறல் இருந்தால், இழுக்கும் விசை முழுவதும் அக்கீறலின் நுனியில் குவிந்து பிளந்துகொண்டே போகும். கிரிஃபித் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1921-ல் இதைக் கணக்கிட்டு விளக்கினார். கடைக்காரர் வைர முனையால் ஒரு கோடு கீறி, மெல்லத் தட்டி ஒடிப்பதும் இதனால்தான். ஆனால், ஒடித்த ஓரத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல்கள் ஏராளமாகத் தங்கிவிடுகின்றன.

விரிசல் தொடங்கும் இடம்

கண்ணாடி சூட்டை எளிதில் கடத்துவதில்லை. நண்பகலில் கண்ணாடியின் நடுப்பகுதி 60 டிகிரி வரை சூடாகும்போது, சட்டத்திற்குள் மறைந்திருக்கும் ஓரம் அதைவிடக் குளிர்ந்தே இருக்கும். நடுப்பகுதி விரிய முயல, விரியாத ஓரம் இழுபடுகிறது. கீறல்கள் நிறைந்த ஓரமே இவ்வாறு இழுபடுவதால் விரிசலும் அங்கிருந்தே புறப்படுகிறது. சூட்டினால் உடைந்த கண்ணாடியைக் கவனித்தால், விரிசல் ஓரத்திற்குச் செங்குத்தாகத் தொடங்கிப் பின்னர் வளைந்து செல்வதைக் காணலாம். வெயிலில் காய்ந்த கண்ணாடியின்மேல் திடீரென மழை கொட்டினால் இத்தொல்லை பன்மடங்காகும். சாதாரணக் கண்ணாடி 40 டிகிரி வேறுபாட்டிற்கு மேல் தாங்கும் என்று நம்புவதற்கில்லை.

சட்டத்தின் பங்கும் உண்டு. 1 மீட்டர் நீளமுள்ள கண்ணாடி 40 டிகிரி சூடேறினால் 0.36 மி.மீ. நீளும். அதே நீள அலுமினியச் சட்டம் 0.92 மி.மீ. நீளும். மரமோ மழை ஈரத்தில் ஊதி, வெயிலில் சுருங்கும். சிமெண்டில் இறுகிய கண்ணாடிக்கு அசைய இடம் ஏது? எனவே, நான்கு புறமும் சுமார் 3 மி.மீ. இடைவெளி விட்டு, ரப்பர் பட்டையின்மேல் கண்ணாடியை அமர்த்தி, மேலே பீடிங் வைத்து அளவாக முடுக்குதல் வேண்டும். ஆணியோ திருகாணியோ கண்ணாடியைத் தொடலாகாது. வாங்கும்போதே ஓரங்களைத் தேய்த்துக் கொடுக்கும்படி கேட்பது அவசியம்.

இவற்றையெல்லாம் விடப் பாதுகாப்பானது 'டஃபன்டு' எனப்படும் வலுவூட்டிய கண்ணாடியே. அளவாக வெட்டி ஓரம் தேய்த்த கண்ணாடியை 600 டிகிரிக்கு மேல் சூடாக்கி, இருபுறமும் காற்றை வேகமாகப் பீச்சி ஆற்றுகின்றனர். மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது. பின்னர் உட்பகுதி ஆறிச் சுருங்கும்போது மேற்பரப்பை இறுக்கி அமுக்குகிறது. மாட்டு வண்டிச் சக்கரத்திற்குப் பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை மாட்டினால், அது ஆறிச் சுருங்கி மரத்துண்டுகளைக் கவ்விப் பிடிப்பதை இதற்கு ஒப்பிடலாம். அமுங்கிய நிலையில் உள்ள கீறல் எளிதில் வாய் திறப்பதில்லை. எனவே, இக்கண்ணாடி சாதாரணக் கண்ணாடியைப் போல் ஏறத்தாழ நான்கு மடங்கு வலுவுள்ளது. 200 டிகிரி வேறுபாட்டையும் தாங்க வல்லது.

இதில் ஒன்றை மறத்தலாகாது. வலுவூட்டியபின் இக்கண்ணாடியை வெட்டவோ துளையிடவோ முடியாது. கீறல் உட்பகுதியைத் தொட்டதும் முழுவதும் சிறு துண்டுகளாகச் சிதறிவிடும். எனவே, சட்டத்தைச் செய்து முடித்து, அளவெடுத்து, அதன்பின் கண்ணாடிக்குச் சொல்லுதல் வேண்டும். பழைய பேருந்துகளின் பக்கச் சன்னல் கண்ணாடி மலிவாகக் கிடைத்தால் முறை தலைகீழாகும். அதுவும் வலுவூட்டியதே ஆதலால், கண்ணாடியின் அளவுக்கேற்பச் சட்டத்தைச் செய்தல் வேண்டும். சாயம் கலந்த கண்ணாடி இதற்கு உதவாது.

வெயில் எவ்வளவு புகும்?

மணலில் கலந்துள்ள இரும்பே கண்ணாடிக்குப் பச்சை நிறத்தைக் கொடுக்கிறது. முகப்பில் பார்த்தால் தெரியாது. கண்ணாடியை நிறுத்தி ஓரத்தைப் பார்த்தால் தெரியும். இந்த இரும்பு வெயிலின் ஒரு பகுதியை விழுங்கிவிடும். இதைத் தவிர, இரு பரப்புகளிலுமாக நூற்றுக்கு 8 பங்கு வெயில் திரும்பிவிடுகிறது. 4 மி.மீ. சாதாரணக் கண்ணாடி நூற்றுக்கு 80 முதல் 85 பங்கு வெயிலையும், இரும்பு குறைந்த கண்ணாடி 90 பங்கையும் உள்ளே விடும். வேறுபாடு உண்மையே ஆயினும், அதற்காகக் கூடுதல் விலை கொடுப்பதைவிட உலர்த்தியின் பரப்பைச் சிறிது கூட்டிக்கொள்வது சிக்கனம். கழுவாத கண்ணாடியில் படிந்த தூசியும் வெயிலைத் திருடத்தான் செய்கிறது.

கண்ணாடி சூட்டை வெளியே விடாமல் தடுக்கிறது என்று பாடப்புத்தகங்கள் கூறுவது பாதி உண்மையே. சூடான கறுப்புத் தகடு வெளியிடும் வெப்பக் கதிர்களைக் கண்ணாடி தடுக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால், 1909-ல் ராபர்ட் வுட் என்னும் அமெரிக்க இயற்பியல் அறிஞர், கண்ணாடி மூடிய பெட்டி ஒன்றையும், அக்கதிர்களைத் தடுக்காத இந்துப்புப் பலகை மூடிய பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டு, கண்ணாடியில் வடிகட்டிய வெயிலை இரண்டின்மீதும் விழச் செய்தார். இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு சூடேறின. மூடியின் முதன்மையான வேலை, சூடான காற்று மேலெழுந்து ஓடிவிடாமல் அடைப்பதுதான். ஆகவே, விலையுயர்ந்த கண்ணாடியைப் போட்டுவிட்டு மூலைகளில் சந்து விட்டால் பயனில்லை. காற்று உள்ளே வரவும், ஈரத்தைச் சுமந்து வெளியேறவும் அமைத்த துளைகளைத் தவிர வேறு வழி இருத்தலாகாது.

பெரிய கூடார உலர்த்திகளுக்குப் பாலிதீன் பயன்படுவதும் இக்காரணத்தால்தான். அவ்வளவு அகலத்திற்குக் கண்ணாடியின் பாரத்தைத் தாங்கும் சட்டம் கட்டுப்படியாகாது. புற ஊதாக் கதிர்களைத் தாங்கும்படி பதப்படுத்திய 200 மைக்ரான் தாளைக் கேட்டு வாங்க வேண்டும். சாதாரணத் தாள் வெயிலில் விரைவிலேயே நொறுங்கிவிடும்.

சிறிய உலர்த்தி செய்வோர் ஒரு மாற்றத்தைக் கருதலாம். கண்ணாடி மூடிய தகட்டுப் பெட்டியைத் தனியே, தெற்கு நோக்கி 10 முதல் 15 டிகிரி சாய்வாக வைத்து, அதில் சூடான காற்று மட்டும் அடுத்துள்ள மூடிய அறைக்குச் செல்லுமாறு அமைத்தால், கண்ணாடிக்குக் கீழே சரக்கே இராது. உடைந்தால் மாற்றிக்கொள்ளலாம், மிளகாய் ஈடு தப்பும். நேர் வெயில் படாததால் மிளகாயின் நிறமும் அதிகம் வெளுக்காது. செலவு சிறிது கூடினாலும், விற்பனைக்கு உலர்த்துவோருக்கு இதுவே ஏற்றது. விதைக் கடலையை மட்டும் எந்தக் கண்ணாடி உலர்த்தியிலும் இடுதல் கூடாது. 40 டிகிரிக்கு மேல் சூடேறினால் முளைப்புத்திறன் பாதிக்கப்படும்.

கண்ணாடியை அதிகாலையில், சூடேறுமுன் கழுவ வேண்டும். சிமெண்டுப் பாலோ சுண்ணாம்போ தெறித்தால் உடனே துடைத்துவிட வேண்டும். காரம் கண்ணாடியை அரித்து நிரந்தரக் கறை ஏற்படுத்தும். பருவம் முடிந்து கழற்றி வைக்கும்போது, ஈரத்துடன் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்த்து வைத்தால் இடையில் தங்கும் நீர் கண்ணாடியிலுள்ள சோடாவைக் கரைத்து, பால் படிந்தாற்போல் மங்கச் செய்துவிடும். நன்றாகத் துடைத்து, இரு கண்ணாடிகளுக்கிடையே செய்தித்தாளை வைத்து, நிற்கும் நிலையில் அடுக்கி வைக்கவும்.