நீரிழிவும் பெண்களின் பாலியல் நலமும்

நீரிழிவு நோய் பெண்களின் பாலியல் நலத்தைப் பல வழிகளில் பாதிக்கக்கூடியது. பாலுறவு வேட்கை குறைதல், யோனி வறட்சி, உறவின்போது வலி, தொடுவுணர்வு மங்குதல், உச்சநிலை அடைய இயலாமை, மீண்டும் மீண்டும் தோன்றும் பூஞ்சைத் தொற்று ஆகியன இவற்றுள் முதன்மையானவை. முதலாம் வகை, இரண்டாம் வகை ஆகிய இரு நீரிழிவு வகைகளிலும் இவை காணப்படுகின்றன. எனினும் நீரிழிவு உள்ள எல்லாப் பெண்களுக்கும் இவை வருவதில்லை. வந்தவற்றுள் பெரும்பாலானவை மருத்துவத்தால் குறைக்கத்தக்கவை. கண், சிறுநீரகம், பாதம் ஆகியவற்றை ஆண்டுதோறும் ஆய்ந்து பார்க்கும் மருத்துவ முறையில் இது குறித்த கேள்வி பெரும்பாலும் கேட்கப்படுவதில்லை. நோயாளியும் தயக்கத்தால் கூறுவதில்லை.

ஆய்வு வரலாறு

நீரிழிவு உள்ள ஆண்களின் விறைப்புக் குறைபாடு குறித்து ஏராளமான ஆய்வுகள் உள்ளன. பெண்களைப் பற்றிய ஆய்வுகள் காலத்தால் பிந்தியவை, எண்ணிக்கையிலும் குறைந்தவை. தொடக்ககால ஆய்வுகளுள் பரவலாக அறியப்பட்டது, அமெரிக்க மருத்துவர் ராபர்ட் கொலோட்னி 1971ஆம் ஆண்டில் வெளியிட்டதாகும். நீரிழிவு உள்ள 125 பெண்களையும் இல்லாத 100 பெண்களையும் அவர் ஒப்பிட்டார். முந்தைய ஓராண்டில் உச்சநிலையை ஒருமுறையேனும் அடையாதோர் முதல் பிரிவில் 35.2 விழுக்காடாகவும் இரண்டாம் பிரிவில் 6 விழுக்காடாகவும் இருந்தனர். 1977ஆம் ஆண்டில் மாக்ஸ் எல்லன்பெர்க் இதற்கு மாறான முடிவை எழுதினார். நரம்புச் சிதைவு உள்ள நீரிழிவுப் பெண்களுக்கும் அது இல்லாதோருக்கும் பாலியல் செயற்பாட்டில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பது அவர் கருத்து.

இம்முரண்பாட்டுக்கு அளவிடும் முறையும் ஒரு காரணம் எனலாம். ஆணின் குறைபாடு வெளிப்படையாகத் தெரிவது. பெண்ணின் குறைபாட்டை அவர் சொல்லித்தான் அறிய இயலும். எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்து விடையும் மாறும். வேட்கை, கிளர்ச்சி, ஈரத்தன்மை, உச்சநிலை, மனநிறைவு, வலி ஆகிய ஆறு கூறுகளைத் தனித்தனியே அளக்கும் 19 வினாக்கள் கொண்ட பெண் பாலியல் செயற்பாட்டுச் சுட்டெண் 2000ஆம் ஆண்டிலேயே வெளியானது. ஆண்களுக்கான சில்டெனாபில் மாத்திரை அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது 1998இல். அதாவது ஆண்களுக்கு மருந்து கிடைத்து ஈராண்டுகள் கழித்தே பெண்களுக்கு இவ்வினாத்தாள் கிடைத்தது.

உடலில் நிகழ்வது

யோனிச் சுவரில் சுரப்பிகள் இல்லை. கிளர்ச்சியின்போது அச்சுவரைச் சூழ்ந்த நுண்குருதிக் குழாய்கள் விரிகின்றன. மிகுந்து பாயும் குருதியிலிருந்து நீர்மம் சுவரின் வழியே கசிந்து ஈரப்பதம் தருகிறது. வாயிலருகே உள்ள பார்த்தோலின் சுரப்பிகளின் பங்கு மிகச் சிறியதே. ஆகவே ஈரம் உண்டாவதற்கு, கட்டளையைக் கொண்டு செல்லும் தன்னியக்க நரம்புகளும் விரியக்கூடிய குருதிக் குழாய்களும் தேவை. நெடுநாள் நீடிக்கும் மிகை குளுக்கோசு இவ்விரண்டையும் சிதைக்கிறது. குழாய்களின் உட்படலம் சுரக்கும் நைட்ரிக் ஆக்சைடு குறைவதால் அவை போதிய அளவு விரிவதில்லை. மனம் விரும்பினாலும் உடல் ஈடுகொடாத நிலை இதனால் தோன்றலாம். வறட்சி வலியைத் தருகிறது. வலியை எதிர்பார்க்கும் அச்சம் அடுத்த முறை கிளர்ச்சியையே தடுக்கிறது. இதனை வேட்கைக் குறைவு என்று மட்டும் கொள்வது பிழையாகும்.

மாதவிடாய் நிறைவுக்குப் பின் ஈஸ்ட்ரோஜன் குறைவதால் யோனிச் சுவர் மெலிகிறது. இரண்டாம் வகை நீரிழிவு பலருக்கு இதே அகவையில் வெளிப்படுவதால் இரு காரணங்களும் ஒன்றன்மேல் ஒன்று சேர்கின்றன.

உள்ளத்தின் பங்கு

பெல்ஜியத்தின் பால் என்சிலினும் குழுவினரும் 2002ஆம் ஆண்டில் முதலாம் வகை நீரிழிவு உள்ள பெண்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வில் 27 விழுக்காட்டினருக்குப் பாலியல் செயலிழப்பு காணப்பட்டது. ஒப்பீட்டுக் குழுவில் இது 15 விழுக்காடு. அச்செயலிழப்பு நோயின் கால அளவோடும் குருதிச் சர்க்கரைக் கட்டுப்பாட்டோடும் தொடர்புறவில்லை; மனச்சோர்வோடும் துணைவருடனான உறவின் தன்மையோடும் தொடர்புற்றது. 2009இல் வெளிவந்த அமெரிக்க நீள்கால ஆய்வொன்றும் மனச்சோர்வையும் மணநிலையையுமே முதன்மைக் காரணிகளாகக் கண்டது. உடற்காரணம் இல்லை என்பது இதன் பொருளன்று. சர்க்கரை அளவைச் சீராக்குவது மட்டும் போதாது என்றே கொள்ள வேண்டும். மனச்சோர்வுக்குத் தரப்படும் மருந்துகளுள் சில வேட்கையைக் குறைப்பதும் கவனிக்கத்தக்கது.

தொற்றுகள்

கேண்டிடா என்னும் பூஞ்சை நலமுள்ள பெண்களின் யோனியிலும் சிறிதளவு வாழ்வதுண்டு. குளுக்கோசு மிகும்போது அது பெருகி, அரிப்பு, எரிச்சல், தயிர்த்திப்பி போன்ற வெண்ணிறக் கசிவு ஆகியவற்றை உண்டாக்குகிறது. விடாத அரிப்பே நீரிழிவு கண்டறியப்படுவதற்கு முதல் தடயமாக அமைவதும் உண்டு. குளோட்ரிமசோல், புளூக்கோனசோல் ஆகியன வழக்கமான மருந்துகள். நீரிழிவு உள்ளோரிடம் மிகுதியாகக் காணப்படும் கேண்டிடா கிளப்ராட்டா என்னும் இனம் புளூக்கோனசோலுக்கு எளிதில் அடங்குவதில்லை. தொற்று திரும்பத் திரும்ப வந்தால் கசிவைச் சோதித்து இனத்தை அறிதல் வேண்டும். ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தாமே வாங்கிப் பூசினால் அரிப்பு தணியும், பூஞ்சையோ வளரும்.

டப்பாகிளிப்லோசின், எம்பாகிளிப்லோசின் முதலிய மருந்துகள் குளுக்கோசைச் சிறுநீர் வழியே வெளியேற்றுபவை. இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை தரும் இவை பிறப்புறுப்புப் பூஞ்சைத் தொற்றை மிகுவிக்கின்றன. மருந்து மாறிய பின் அரிப்பு தொடங்கினால், மாத்திரையைத் தாமாக நிறுத்தாது மருத்துவரிடம் அதைக் குறிப்பிடுவது நல்லது.

தீர்வுகள்

வறட்சிக்கு நீர் அடிப்படையிலான வழவழப்பிகள் எளிய தீர்வாகும். தேங்காய் எண்ணெய் முதலான எண்ணெய்கள் லேட்டக்சு ஆணுறையை நலிவுறச் செய்து கிழியச் செய்யும். மாதவிடாய் நின்றோர்க்கு யோனியில் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் பயன் தருகிறது. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி, மனச்சோர்வு மருத்துவம், தம்பதியருக்கான உளவளத் துணை ஆகியனவும் கையாளப்படுகின்றன.

இன்சுலின் இட்டுக்கொள்வோருக்குப் பாலுறவு ஓர் உடலுழைப்பே ஆகையால் சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கக்கூடும். வியர்வையும் படபடப்பும் கிளர்ச்சியிலும் தோன்றுவன ஆதலால் தாழ்சர்க்கரை எளிதில் அடையாளம் காணப்படுவதில்லை. முன்னதாகச் சர்க்கரையைப் பார்த்துக்கொள்வதும் இனிப்பை அருகில் வைத்துக்கொள்வதும் வழக்கம்.

கருத்தடையும் கருத்தரிப்பும்

கருவின் முதன்மை உறுப்புகள் முதல் சில வாரங்களில், தாய் தன் கருவுறுதலை அறியுமுன்னரே உருவாகத் தொடங்குகின்றன. அப்போது சர்க்கரை மிகுந்திருந்தால் பிறவிக் குறைபாடுகளுக்கான வாய்ப்பு கூடுகிறது. எனவே மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவை 6.5 விழுக்காட்டுக்குக் கீழே கொணர்ந்து, போலிக் அமிலம் தொடங்கி, கருவுக்குத் தீங்கு செய்யும் சில குருதியழுத்த மருந்துகளை மாற்றிய பின்னர்க் கருத்தரிப்பது பரிந்துரைக்கப்படுகிறது. அதுவரை கருத்தடை தேவை. செப்புக் கருத்தடைச் சாதனத்தை நீரிழிவு உள்ள பெண்கள் பயன்படுத்தலாம். ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரைகள், கண், சிறுநீரகம், நரம்பு ஆகியவற்றில் பாதிப்பு உள்ளோருக்கும் 20 ஆண்டுகளுக்கு மேல் நீரிழிவு உள்ளோருக்கும் பொதுவாகத் தவிர்க்கப்படுகின்றன.