பல்லின் நிழற்படம்: இயல்பும் நோயும்

திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவைச் சுவைப்போர்க்கும், அண்டையிலுள்ள இராசபாளையத்தார்க்கும் பற்சொத்தை புதிதன்று. 1895இல் ராண்ட்ஜன் எக்ஸ் கதிரைக் கண்டார்; 1896இல் செருமானியப் பல்மருத்துவர் வால்காஃப் 25 நிமிடம் கதிரேற்றுத் தம் பல்லையே படமெடுத்தார்.

அப்படத்தில் எனாமலும் எலும்பும் வெண்மையாகத் தோன்றும். பற்கூழும் சொத்தையும் கருமையாகத் தோன்றும். எனினும், கருமையெல்லாம் நோயன்று. கீழ்த்தாடை முன்கடைவாய்ப் பற்களின் வேர்நுனியருகே, நரம்பு வெளிவரும் இயற்கைத் துளையொன்று உண்டு. அது சீழ்க்கட்டி போலவே காட்சியளிக்கும். வேரைச் சூழ்ந்த வெண்கோடு அறுபடாதிருந்து, கோணம் மாற்றி எடுத்த படத்தில் கருமை வேர்நுனியை விட்டு விலகின், அஃது இயல்பே. விலகாது நின்று, வெண்கோடும் அழிந்திருப்பின் நோயென ஐயுறலாம். பல்லின் உயிர்ப்பையும் சோதித்தல் வேண்டும்.

ஆராயாது பிடுங்கிய நற்பல் மீளாது. ஆதலின், மருத்துவரிடம் படத்தின் பொருளைக் கேட்டுத் தெளிவோமாக!